கோட் போடுவோம், கொடி போர்த்தமாட்டோம்



குளிர் வந்திட்டுது. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு, பஸ் ஸ்டொப்பில் பத்து நிமிசம் நின்றால் காது இருக்குதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கு. இந்த நேரத்தில் லண்டனில் இருக்கும் நம்ம ஆட்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. உடுப்பு விஷயம்தானே என்று தள்ளிவிடப் பார்த்தோம், முடியவில்லை. அதனால் இந்த மாதத் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

நம்மில் சில பெடியள், நானும் அதில் ஒருவன், பிரிட்டனில் நெய்து தைத்த பழைய வகைக் குளிர் உடுப்புகளை விரும்பிப் போடுகிறோம். டொங்கி ஜாக்கெட், டஃபிள் கோட், ஹாரிஸ் ட்வீட். போன கூட்டத்தில் ஒரு தோழர் என்னைப் பார்த்து நேராகவே கேட்டார்: "எங்கட நாட்டைப் பிடிச்சு வச்சிருந்தவன்ர கம்பளியைப் போத்துக்கொண்டு ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசுறீங்கள், இது என்ன நியாயம்?" பக்கத்தில் இருந்த இன்னொரு தோழர் எனக்காக வாதாட வந்தார்: "உள்ளூரில செய்ததை வாங்கினா உள்ளூர்த் தொழிலாளிக்குத்தானே நல்லது? எங்கேயோ ஸ்வெட்ஷொப்பில தைச்சதை விட இது முற்போக்கு இல்லையா?"

இரண்டு பேரும் நல்ல தோழர்கள். இரண்டு பேர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. நல்ல கோட் ஒன்றை விரும்புவதில் எந்தத் துரோகமும் இல்லை. அதே நேரம் "மேட் இன் பிரிட்டன்" என்ற லேபிளில் எந்தப் புண்ணியமும் இல்லை. உடுப்பு எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதை விட, அதைச் செய்த ஆளுக்கு என்ன கிடைத்தது, அவருக்கு என்ன உரிமை இருந்தது என்பதுதான் நம்ம கேள்வியாக இருக்க வேண்டும். மிச்சம் எல்லாம் விளக்கம்.

இந்தக் கோட்டுகள் யாருடையவை?

டொங்கி ஜாக்கெட்டில் தொடங்குவோம். கறுப்பு அல்லது கருநீலக் கம்பளி, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும் நீளம், தோளில் மட்டும் தோல் அல்லது பிளாஸ்டிக் துண்டு. 1888இல் ஸ்டஃபோர்ட்ஷயரில் ரூஜ்லி என்ற ஊரில் ஜோர்ஜ் கீ என்ற தையல்காரர், மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வெட்டிய தொழிலாளர்களுக்காக இதை உருவாக்கினார் என்று சொல்லப்படுகிறது. அங்கே பாவித்த சிறிய நீராவி இயந்திரத்துக்கு "டொங்கி எஞ்சின்" என்று பெயர். அதிலிருந்து ஜாக்கெட்டுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தோளில் அந்தத் துண்டு ஏன்? பாரம் சுமக்கிற இடம் அதுதான். மழை முதலில் விழுகிற இடமும் அதுதான். வேலையே டிசைன் செய்த உடுப்பு.

பிறகு அது குப்பை அள்ளுபவர், ரோட்டுப் போடுபவர், ரயில் பாதை திருத்துபவர், சுரங்கத் தொழிலாளி எல்லாருடைய உடுப்பும் ஆனது. முதுகில் தேசிய நிலக்கரி வாரியத்தின் எழுத்துகள் பொறித்த டொங்கி ஜாக்கெட்டுகள் உண்டு. 1984-85 சுரங்க வேலைநிறுத்தப் படங்களைப் பாருங்கோ, மறியல் நிற்கும் ஆட்களின் தோளில் அந்தத் துண்டைக் காண்பீர்கள்.

டஃபிள் கோட்டின் கதை வேறு. பெயர் பெல்ஜியத்தில் இருக்கும் டஃபல் என்ற ஊரில் இருந்து வந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. தடித்த கையுறையோடு சாதாரணப் பொத்தான் பூட்ட ஏலாது, அதனால் கொம்பு அல்லது மரத்தால் செய்த நீளப் பொத்தான், அதை மாட்டக் கயிறு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிஞ்சிய கோட்டுகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. காசில்லாத மாணவர்கள் வாங்கினார்கள். 1958 ஈஸ்டரில் அணு ஆயுதத்துக்கு எதிராக லண்டனில் இருந்து ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்த ஊர்வலத்தில் இந்தக் கோட்தான் எங்கும் தெரிந்தது. போருக்குத் தைத்தது, போர் எதிர்ப்புக்கு நடந்தது. அதே ஆண்டு வெளிவந்த பாடிங்டன் கரடியின் முதல் கதையைச் சின்ன வயதில் வாசித்திருப்பீர்கள். பெருவில் இருந்து கள்ளமாகக் கப்பல் ஏறி, கழுத்தில் லேபிளோடு ஸ்டேஷனில் நின்ற அந்தக் குட்டிக்கு இந்த நாட்டில் கிடைத்த குளிர் உடுப்பும் டஃபிள் கோட்தான்.

உடுப்பை வைத்து ஆளை அடிப்பதும் இந்த நாட்டில் நடக்கும். 1981 நவம்பரில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நிகழ்வுக்குத் தொழிற்கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட் பச்சை நிறத்தில் ஒரு குட்டைக் கோட் போட்டுப் போனார். அது டொங்கி ஜாக்கெட்டே இல்லை. ஆனால் பத்திரிகைகள் "டொங்கி ஜாக்கெட் போட்டு வந்து அவமதித்தார்" என்று எழுதித் தள்ளின. அந்தக் கோட் இன்று மான்செஸ்டரில் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கூச்சலில் கேட்டது ஒன்றுதான்: கூலியாளின் உடுப்போடு அரசு மேடைக்கு வராதே.

ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இதே டொங்கி ஜாக்கெட்டையும் குரொம்பி வகைக் கோட்டையும் போட்ட ஸ்கின்ஹெட்களில் ஒரு பகுதியினர் நம்ம ஆட்களைத் தெருவில் அடித்தார்கள். அந்தக் காலத்தில் கிழக்கு லண்டனில் இருந்த மாமாமார் சிலருக்கு இன்றைக்கும் அந்த உடுப்பைக் கண்டால் வயிறு கலங்கும். என் ஜாக்கெட்டைப் பார்த்த ஒருவர், "தம்பி, இதைப் போட்டவங்களிட்ட இருந்துதான் நாங்கள் ஓடினனாங்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. மறியலில் நின்றவனும் அதே உடுப்பு, கல்லெறிந்தவனும் அதே உடுப்பு. கம்பளிக்குக் கட்சி கிடையாது.

முதல் தோழரின் கேள்விக்கு வருகிறேன். லங்காஷயர் மில் துணி நம்ம ஊர் நெசவாளரின் வயிற்றில் அடித்தது வரலாறு. ஆனால் அந்த மில் முதலாளியும், அந்த மில்லில் இருமி இருமிச் செத்த தொழிலாளியும் ஒரே "பிரிட்டன்" இல்லை. கால்வாய் வெட்டியவனின் உடுப்பைப் போடுவதால் வைஸ்ராயின் வாரிசு ஆகிவிடமாட்டோம்.

சட்டம் காப்பாற்றும் துணி

ஹாரிஸ் ட்வீட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நம்ம விவாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஸ்கொட்லாந்தின் வடமேற்கில் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகள். லூயிஸும் ஹாரிஸும் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் ஹாரிஸின் மேற்குக் கரையில் இருந்த நல்ல நிலத்தில் இருந்து குடியானவர்கள் விரட்டப்பட்டார்கள், பெரிய செம்மறிப் பண்ணைகளுக்காக. போனது பாறை நிறைந்த கிழக்குக் கரைக்கு. செம்மறிக்கு இடம்விட்டு விரட்டப்பட்ட மக்களின் பிள்ளைகள் கம்பளி நெய்துதான் வயிறு கழுவினார்கள். 1840களில் ஹாரிஸ் நிலப்பிரபுவின் குடும்பத்தைச் சேர்ந்த டன்மோர் சீமாட்டி இந்தத் துணியை லண்டன் பிரபுக்களிடம் பிரபலப்படுத்தினார். விளம்பரங்களில் அவர் பெயர் வரும், விரட்டப்பட்டவர்களின் பெயர் வராது.

துணி எப்படி வருகிறது? முதலில் கம்பளிக்குச் சாயம், பிறகுதான் நூல் நூற்பு. பல நிறக் கம்பளியைக் கலந்து நூற்பதால் ஒரே இழைக்குள் ஐந்தாறு நிறம் இருக்கும். தூரத்தில் பார்த்தால் வெறும் மண்ணிறம். கிட்டப் போனால் பச்சை, ஊதா, மஞ்சள், துருச் சிவப்பு. முந்தி பாறையில் வளரும் ஒரு வகைப் பாசியைச் சுரண்டித்தான் அந்தத் துருச் சிவப்பை எடுத்தார்கள். நூல் மில்லில் இருந்து நெசவாளரின் வீட்டுக்குப் போகும். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் தறி, சைக்கிள் மிதிப்பது போல மிதித்து ஓட்டுவது, மின்சாரம் இல்லை. பாவு, ஊடை என்ற சொற்கள் நமக்குப் புதிதல்ல; அந்தக் கொட்டகைக்குள் போனால் நம்ம நெசவாளர் எவருக்கும் வேலை விளங்கும். நெய்த துணி திரும்ப மில்லுக்குப் போய்க் கழுவி, அடித்து, இறுக்கப்படும். அந்த அடித்து இறுக்கும் வேலையை முந்தி ஊர்ப் பெண்கள் மேசையைச் சுற்றி இருந்து, கேலிக் மொழியில் பாட்டுப் பாடிக்கொண்டு கையால் செய்தார்கள். நம்ம நடவுப் பாட்டு மாதிரி, வேலையின் தாளம்தான் பாட்டின் தாளம்.

ஈரத்தில் அடிக்கும்போது கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கும். அதனால்தான் காற்று உள்ளே வராது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சினாலும் தோலுக்கு ஈரம் தெரியாது. தூறலில் நடந்து வந்து கோட்டை உதறிக் கதவில் மாட்டினால் காலையில் காய்ந்திருக்கும். பத்து வருசம் போட்ட பிறகு முழங்கையில் நைந்து போகும், அங்கே தோல் துண்டு வைத்துத் தைத்தால் இன்னும் பத்து வருசம். ஒவ்வொரு வருசமும் புது பொலியெஸ்டர் வாங்கித் தூக்கி எறிகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தப் பெயரை யாரும் எடுத்துப் பாவிக்க ஏலாது. 1910இல் கோள வடிவ முத்திரை வணிகக் குறியாகப் பதிவானது. 1993இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது: அந்தத் தீவுகளிலேயே சாயம் போட்டு நூற்ற சுத்தமான புதுக் கம்பளியை, தீவு மக்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்து, தீவிலேயே முடித்தால்தான் அது ஹாரிஸ் ட்வீட். வேலை தீவை விட்டுப் போக முடியாதபடி கட்டிப்போட்ட சட்டம். மற்ற ஊர்களின் மில்கள் ஒவ்வொன்றாக மூடியபோதும் இந்தத் தறிகள் நிற்காமல் இருந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சட்டம் துணியைக் காப்பாற்றுது, ஊரைக் காப்பாற்றுது. நெசவாளரின் வருமானத்தை அது காப்பாற்றவில்லை. பெரும்பாலான நெசவாளர்கள் சுயதொழில் செய்பவர்கள். நெய்த அளவுக்குத்தான் கூலி. ஓடர் இல்லை என்றால் வருமானம் இல்லை. 2006 கடைசியில் யார்க்ஷயரைச் சேர்ந்த ஒரு ஜவுளி முதலாளி அங்கிருந்த மிகப் பெரிய மில்லை வாங்கினார். சுமார் 8,000 டிசைன்களை நாலாகக் குறைத்து, ஆண்களுக்கான தன் சொந்த ஜாக்கெட்டுகளுக்கு மட்டும் துணி செய்யப் போவதாகச் சொன்னார். சட்டத்தில் ஒரு எழுத்தும் மீறப்படவில்லை. நெசவாளர் வீட்டில் தறி நின்றது. அடுத்த வருசம் ஷோபோஸ்ட் என்ற ஊரில் மூடிக் கிடந்த மில்லை வேறு ஆட்கள் திறந்த பிறகுதான் தொழில் மெல்ல மூச்சு விட்டது. சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மில் ஒரு ஆளின் கையில் இருந்தால் இதுதான் நடக்கும். அதே தீவில் 2003இல் வடக்கு ஹாரிஸ் நிலத்தை ஊர் மக்களே சேர்ந்து வாங்கினார்கள். நிலப்பிரபுவின் நிலம் ஊரின் நிலம் ஆனது. மில்லுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் அந்தத் துணியை இன்னும் பெருமையோடு போடலாம்.

லேபிள் சொல்லாதது

இரண்டாவது தோழரின் வாதத்துக்கு வருவோம். "உள்ளூர்" என்றாலே நல்லதா?

1968 தொடக்கத்தில் "நான் பிரிட்டனை ஆதரிக்கிறேன்" என்று ஒரு பெரிய பிரச்சாரம் ஓடியது. சர்பிட்டனில் ஐந்து அலுவலகப் பெண்கள் தினமும் அரை மணி நேரம் சம்பளம் இல்லாமல் கூட வேலை செய்ய முன்வந்தார்கள். பத்திரிகைகளும் அரசும் தலையில் தூக்கிவைத்தன. அந்தச் சுலோகம் அச்சடித்து விற்ற டீ-ஷர்ட்கள் போர்த்துக்கலில் செய்யப்பட்டவை! சிரிப்பு வரும். ஆனால் சிரித்துவிட்டு ஒரு விஷயம் யோசியுங்கோ: தேசப்பற்று என்ற பெயரில் முதலில் கேட்டது தொழிலாளியின் இலவச உழைப்பைத்தான்.

இன்றைக்கும் பிரிட்டனில் உடுப்புக்கு எந்த நாட்டில் செய்தது என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. போட்டால் பொய் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசியாக எங்கே பெரிய மாற்றம் நடந்ததோ அந்த நாட்டின் பெயரைப் போடலாம். கம்பளி நியூசிலாந்து, நெசவு இன்னொரு நாடு, தையல் மட்டும் இங்கே என்றாலும் "மேட் இன் பிரிட்டன்" வரும். மறுபக்கம், ஹாரிஸ் ட்வீட் முத்திரை துணிக்கு மட்டும்தான். அந்தத் துணியில் ஜாக்கெட்டை எந்த நாட்டிலும் தைக்கலாம்.

இங்கே தைத்தது என்றால் நியாயமாகத் தைத்ததா? 2020 ஜூலையில் லெஸ்டரில் பூஹூ நிறுவனத்துக்காகத் தைத்த ஒரு இடத்தில் மணிக்கு 3.50 பவுண் கொடுப்பதாகப் பத்திரிகைச் செய்தி வந்தது. அன்றைய சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 8.72 பவுண். அந்த நிறுவனமே நியமித்த வழக்கறிஞரின் விசாரணையும் குற்றச்சாட்டுகள் பெருமளவு உண்மை என்றே சொன்னது. தைத்தவர்களில் பெரும்பாலானோர் தெற்காசியக் குடியேறிகள், நம்மைப் போன்றவர்கள். அந்த உடுப்பிலும் "மேட் இன் யூகே" என்று போடலாம், பொய்யே இல்லை.

இது நேற்றுத் தொடங்கியதும் இல்லை. 1972 ஒக்டோபரில் லஃப்பரோவில் மேன்ஸ்ஃபீல்ட் ஹோசியரி மில்ஸ் தொழிற்சாலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே செய்தது ஜம்பர், நல்ல பிரிட்டிஷ் ஜம்பர். கூடச் சம்பளம் கிடைக்கும் பின்னல் வேலை வெள்ளைத் தொழிலாளிக்கு, குறைந்த சம்பள வேலை மற்றவர்களுக்கு. சங்கம் தொடக்கத்தில் முழு மனதோடு கூட நிற்கவில்லை. தொழிலாளர்கள் தாங்களாகவே நின்று அந்தக் கதவைத் திறந்தார்கள். விண்டேஜ் கடையில் எழுபதுகளின் ஆங்கில ஜம்பரைத் தடவிப் பார்க்கும்போது இந்தக் கதையும் நினைவுக்கு வரட்டும். அது "அவர்களுடைய" பாரம்பரியம் மட்டும் இல்லை.

பிறகு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர். ஒரு காலத்தில் தன் உடுப்புகளில் பெரும்பகுதி பிரிட்டனில் செய்தது என்று பெருமைப்பட்ட கடை. தொண்ணூறுகளின் கடைசியில் ஓடர்களை வெளிநாட்டுக்கு மாற்றியது. 30 வருசமாக அதற்குத் தைத்துக் கொடுத்த பேர்ட் நிறுவனம் 1999இல் கைவிடப்பட்டு வழக்குப் போட்டது. எழுதிய நீண்டகால ஒப்பந்தம் இல்லை என்று தோற்றது. முதலாளிக்கே அந்தக் கதி என்றால் தையல் மெஷினுக்கு முன் இருந்தவருக்கு? அந்த வேலையில் ஒரு பங்கு போன இடங்களில் இலங்கையும் ஒன்று. போர் முடிந்த பிறகு கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. லண்டனில் நம்ம அம்மா வாங்கும் உடுப்பைத் தைப்பது ஊரில் நம்ம சித்தியின் மகளாக இருக்கலாம்.

அப்படியென்றால் "பிரிட்டிஷ் உடுப்பு வாங்கு" என்று சொல்வது யாருக்கு எதிராக? கிளிநொச்சித் தங்கச்சிக்கு எதிராகவா? 2011இல் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிலாளர்கள் ஓய்வூதிய மசோதாவுக்கு எதிராக ஆயிரக்கணக்கில் இறங்கினார்கள். பொலிஸ் சுட்டதில் ஒரு இளம் தொழிலாளி உயிரிழந்தார். அரசு மசோதாவைக் கைவிட்டது. லஃப்பரோவுக்கும் கட்டுநாயக்கவுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டால் அதில்தான் நாங்கள் நிற்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பழையதை வாங்குங்கோ. புது ஹாரிஸ் ட்வீட் ஜாக்கெட்டோ, இங்கே தைத்த டஃபிள் கோட்டோ நூற்றுக்கணக்கில் பவுண் கேட்கும். நம்மில் பலருக்கு அது ஒரு மாத வாடகையில் பெரிய துண்டு. சாரிட்டி கடையில் பொறுமையாகத் தேடினால் அதில் சின்னப் பங்குக்குக் கிடைக்கும். துணியைக் கையால் அழுத்திப் பாருங்கோ, அக்குளையும் காலரையும் பாருங்கோ, பூச்சி அரித்த ஓட்டை இருக்குதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையில் கட்டி இரண்டு கிழமை ஃப்ரீசரில் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும்.

இரண்டாவது, புதிதாக வாங்கக் காசு இருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கோ: துணி எங்கே நெய்தது, தையல் எங்கே, தைத்தவருக்குச் சம்பளமா துண்டுக் கூலியா, சங்கம் இருக்கா? பதில் தெரியாது என்றால் ஈமெயில் போடச் சொல்லுங்கோ. ஒரு ஆள் கேட்டால் தொல்லை, நூறு ஆள் கேட்டால் அழுத்தம்.

மூன்றாவது, வாங்குவதோடு அரசியல் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உடுப்பு எங்கே, யாரால் செய்யப்பட்டது என்று சொல்வது சட்டக் கட்டாயமாக வேண்டும். கூலித் திருட்டு நடந்தால், தைத்துக் கொடுத்த சின்னப் பட்டறை மட்டும் இல்லாமல் ஓடர் கொடுத்த பெரிய நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். இதைத் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து கேட்போம்.

நான்காவது, இது உடனே செய்ய வேண்டியது. தஞ்சம் கோரி வந்த நம்ம ஆட்களுக்கு இங்கே பெரும்பாலும் வேலை செய்ய அனுமதி இல்லை. அரசு கொடுப்பது வாரத்துக்கு 50 பவுணுக்கும் குறைவு. சாப்பாடு போடும் ஹோட்டலில் வைத்திருந்தால் அதைவிட மிகக் குறைவு. அந்தக் காசில் கம்பளிக் கோட் வாங்க ஏலாது. உங்கள் அலுமாரியில் இரண்டு கோட் தொங்கினால் ஒன்று அவர்களுடையது. தச்சுத் திருத்தி, பொத்தான் பூட்டி, நல்லதாகக் கொண்டு வாங்கோ. கிழிந்ததைக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்தோம் என்று சொல்லும் பழக்கம் நமக்கு வேண்டாம். அளவு எழுதி இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, சேர்க்கும் இடமும் நேரமும் அனுப்புகிறோம். தைக்கத் தெரிந்தவர்களும் எழுதுங்கோ, ஊசி நூலோடு ஒரு சனிக்கிழமை தேவை.

ஜனவரி இன்னும் வரவில்லை. அதற்குள் இருபது கோட்டாவது சேர வேண்டும்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக